இரும்பைத் தொட்டுக்கொண்டிருந்தால்

"சாவி எங்க? யாராவது ஒரு சாவியக் கொண்டாங்களேன்!"

ராஜபாய் போட்ட சத்தத்தில் கிள்ளிப்பாலத்து லைன் வீடுகள் ஆறும் விழித்துக்கொண்டன. அப்போதுதான் விடிந்துகொண்டிருந்தது. பக்கத்து வீட்டுச் சரசம்மா அவிழ்ந்த தலையோடு ஓடிவந்தாள். பாயில் ராஜபாயின் புருஷன் தாசையன் வில்லாய் வளைந்து கிடந்தான். பல் கிட்டிப் போயிருந்தது. கடைவாயில் நுரை. கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன.

சரசம்மா மடியில் முடிந்திருந்த பெட்டிச் சாவியை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மடக்கி, இரண்டு கையாலும் பொத்திப் பிடித்தாள். கொஞ்ச நேரத்தில் இழுப்பு தளர்ந்தது. அவன் குறட்டை விட ஆரம்பித்தான்.

"பாத்தியா பிள்ளே? இரும்பு பட்டதும் ஓடிப் போச்சு."

"ஓடித்தான் போச்சா, இல்ல தன்னால நின்னுதா அக்கா?"

"ஆஸ்பத்திரியில ஆயா வேலை பாத்து ஒனக்கு நாக்கு நீண்டுபோச்சு. கண்ணால கண்டப்பெறவும் கேள்வி."

இரண்டு மாதத்தில் இது மூன்றாவது தடவை. மூன்று தடவையும் விடியற்காலையில், உறக்கத்தில்தான் வந்தது. எழுந்தபின் தாசையனுக்கு ஒன்றும் நினைவில்லை. நாக்கு கடிபட்டு வலிப்பது மட்டும்தான் தெரியும்.

"ராத்திரி வயிறு சரியில்ல. அதாக்கும்" என்றான்.

"வயிறு சரியில்லாதவன் நாக்கைக் கடிப்பானா? இன்னைக்கு என்கூட ஆஸ்பத்திரிக்கு வாறிய."

"இன்னைக்கு மலைக்கு லோடு."

"லோடு அங்கயே கிடக்கட்டும்."

"அரிசி போகல்லன்னா மேல ஒருத்தனும் அடுப்பு மூட்ட மாட்டான். நாளைக்கு வாறேன், போ."

சாலைக் கடைத்தெருவில் அரிசி மண்டி வைத்திருந்த ஆறுமுகநயினார் பிள்ளையின் லாரியைத் தாசையன்தான் ஓட்டினான். பட்டாளத்தில் ஓட்டப் படித்தவன். வாரத்தில் இரண்டு நாள் பொன்முடி எஸ்டேட்டில் கூலிகள் குடியிருக்கும் லயங்களுக்கு ரேஷன் அரிசி ஏற்றிக்கொண்டு போவான். அந்த மலையில் லாரியைத் திருப்ப அவனை விட்டால் ஆளில்லை என்று சாலையில் பேச்சு. அந்தப் பேச்சு அவன் காதிலும் விழுந்திருந்தது. அதுதான் சங்கடம்.

மறுநாள் டாக்டர் அவன் நெற்றித் தழும்பைத் தடவிப் பார்த்தார்.

"இது எங்ஙனே வந்தது?"

"பர்மா பார்டர்ல லாரி தலைகீழா மறிஞ்சுது, டாக்டரே. ஆறு வருஷம் இருக்கும்."

"ஓர்மை போச்சோ அப்போ?"

"ரெண்டு நாள் நினைவே இல்லைன்னு பெறகு சொன்னாங்க."

டாக்டர் எழுதிக்கொண்டார். "இப்போ ஜோலி எந்தா?"

ராஜபாய் வாயைத் திறந்தாள். மேசைக்கு அடியில் தாசையனின் குதிகால் அவள் பாதத்தை அழுத்தியது.

"சுமட்டு வேலை டாக்டரே. சாலையில மூட்டை எறக்குவேன்."

டாக்டர் தமிழையும் மலையாளத்தையும் கலந்து நிதானமாகச் சொன்னார். தலைக்குள் நரம்புகள் ஒன்றுக்கொன்று சேதி சொல்லிக்கொண்டே இருக்கும். பழைய காயம் பட்ட இடத்தில் எல்லாம் சேர்ந்து ஒரே நேரத்தில் கத்த ஆரம்பித்தால் அதுதான் வலிப்பு. பேயுமில்லை, சாபமுமில்லை. காலையும் மாலையும் ஒரு மாத்திரை. ஒரு வேளைகூட விடக் கூடாது. விட்டால் முன்னைவிட மோசமாக வரும். தீயண்டை நிற்கக் கூடாது. குளத்தில் தனியாகக் குளிக்கக் கூடாது. வண்டி ஒன்றும் ஓட்டக் கூடாது, சைக்கிள்கூட.

"சைக்கிளே இல்ல, டாக்டரே" என்றான் தாசையன்.

ராஜபாய்க்கு ஒரு கேள்வி இருந்தது. "சாவி குடுத்தா நிக்குதே, ஸார்? மூணு தடவையும் நின்னுது."

"அது ரெண்டு மூணு நிமிஷத்துல தன்னால நிக்கும். நீங்கள் சாவி தேடிக் கொண்டுவர அத்தனை நேரம் ஆகும். அவ்வளவேயுள்ளு."

வெளியே வந்ததும் அவள் நின்றுவிட்டாள்.

"எதுக்குப் பொய் சொன்னிய?"

"மெதுவாப் பேசு. எல்லாரும் ஒனக்குத் தெரிஞ்ச ஆளுவ."

"வண்டி ஓட்டக் கூடாதுன்னு சொன்னாரே, காதுல விழல்லியா?"

"விழுந்துது. லைசென்ஸைப் பிடுங்கி வச்சுக்கிட்டா நான் என்னத்தப் பண்ண? ரெண்டு பிள்ளை இருக்கு. ஒனக்க ஆயா வேலையில நாலு வயிறு கழியுமா? மொதலாளிட்ட ஒரு வார்த்தை சொல்லிராத. வேதப்புத்தகத்துல கை வச்சுச் சத்தியம் பண்ணு."

"சத்தியமே பண்ணக் கூடாதுன்னுதான் அந்தப் புத்தகத்துல எழுதியிருக்கு."

"செரி, அப்போ சும்மா சொல்லு."

"சொல்ல மாட்டேன். போதுமா? ஆனா மாத்திரையத் தின்னணும்."

தின்றான். நாலு நாள் தின்றான். ஐந்தாம் நாள் லாரியை எடுக்கும்போது கண் சொக்கியது. மாத்திரை உறக்கம் கொண்டுவரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்தான். உறங்கி வழிகிறவன் மலையில் எப்படி ஓட்டுவான்? ஆகவே, லோடு உள்ள நாளிலும் அதற்கு முந்தின நாளிலும் மாத்திரை வேண்டாம் என்று தாசையன் தனக்குத் தானே ஒரு வைத்தியம் வகுத்துக்கொண்டான். இது ராஜபாய்க்குத் தெரிந்தது மாத்திரை டப்பாவை எண்ணிப் பார்த்தபோதுதான். இருக்க வேண்டியதற்கு இரண்டு பங்கு இருந்தது.

"இது என்ன?"

"பிள்ளே, ஒண்ணு கேளு. மூணு தடவை வந்துது. மூணு தடவையும் எங்க வச்சு வந்துது?"

"பாயில."

"வெறுங்கையோட கெடக்கப்ப வந்துது. லாரியில ஒரு தடவை வந்திருக்கா? ஏன் வரல்ல? காலைல ஆறு மணி முதல் சாயங்காலம் வரை கையில இரும்பு. ஸ்டீரிங் இரும்பு, கியர் இரும்பு. ஒரு சின்னச் சாவிக்கே ஓடுகது, அத்தனை இரும்பப் பாத்துக்கிட்டு வருமா? எனக்கு அந்தச் சீட்டைப் போலப் பத்திரமான எடம் ஒலகத்துல இல்ல."

இழுப்பு தன்னால் நிற்கும் என்று டாக்டர் சொன்னதைச் சொன்னாள். "டாக்டர் லாரி ஓட்டியிருக்காரா?" என்று கேட்டான். அன்று முதல் ராஜபாய்க்கு ஓரிடத்தில் உட்காரப் பொறுக்கவில்லை. வார்டில் படுக்கை விரிக்கும்போது லாரி ஹாரன் கேட்டால் ஜன்னலுக்கு ஓடுவாள். மலைக்கு லோடு போகும் செவ்வாயும் வெள்ளியும் சோறு இறங்காது. சாயங்காலம் அவன் செருப்புச் சத்தம் கேட்கும் வரை வாசலுக்கும் அடுப்புக்கும் நடந்துகொண்டே இருப்பாள்.

"நடந்து நடந்து தரை தேயுது" என்று சரசம்மா கேலி செய்வாள்.

ஒரு திங்கட்கிழமை மண்டிக்குச் சோறு கொண்டுபோனாள். லாரி சந்துக்குள் நின்றிருந்தது. மூட்டை அடுக்கும் பகவதிப்பெருமாள் சக்கரத்துக்குப் பக்கத்தில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். மலைக்கு லாரியோடு போகிறவர் அவர்தான். வளைவுகளில் சக்கரத்துக்குக் கட்டை போடுவதும் அவர்தான்.

"வா தங்கச்சி. ஒனக்க மாப்பிள்ளைக்கு என்ன கேடு? ஸ்டீரிங்க எலி கரும்பின மாதிரி கரும்பி வச்சிருக்கான்."

ஏறிப் பார்த்தாள். வளையத்தின் மேலிருந்த கறுப்பு உறையில், வலது கை பிடிக்கும் இடத்தில் ஒன்றும் இடது கை பிடிக்கும் இடத்தில் ஒன்றுமாக, இரண்டு விரற்கடை நீளத்துக்கு அரத்தால் ராவி எடுத்திருந்தது. உள்ளே இரும்பு பளபளவென்று தெரிந்தது.

"என்னன்னு கேட்டா, வழுக்குதுன்னு சொன்னான். வழுக்குகது ரப்பரா, இரும்பா? நீயே சொல்லு."

அன்று சாயங்காலம் தாசையனிடம் சொன்னாள்:

"எலிசாளுக்குப் பிள்ளை பிறந்து ஒரு மாசம் ஆச்சு. நாளைக்கு உங்ககூட லாரியில வாறேன்."

எலிசாள் அவள் சித்தி மகள். எஸ்டேட் லயத்தில் இருந்தாள்.

"பிள்ளைய அடுத்த மாசம் பாக்கலாமே."

"அடுத்த மாசம் அது வளந்திரும்."

தாசையன் அவளை ஒரு தரம் பார்த்தான். "வாறதுன்னா வா. பேசாம வரணும்."

பேசாமல் வருவதற்காக அவள் போகவில்லை. பேசுவதற்காகத்தான் போனாள். அவன் பதில் சொல்லிக்கொண்டிருக்கிற வரை நினைவோடு இருக்கிறான். வலிப்பு வந்தால் பதில் வராது. அவளுக்குத் தெரிந்த காவல் அது ஒன்றுதான். வந்தால் என்ன செய்வது என்று அவள் யோசித்து முடிக்கவில்லை. லாரியை நிறுத்தும்போது அவன் ஒரு கம்பியை மேலே இழுப்பான். அது எங்கே இருக்கிறது என்று ஏறினவுடன் பார்த்து வைத்துக்கொண்டாள்.

பேரூர்க்கடை தாண்டுமுன் தொடங்கிவிட்டாள்.

"நமக்குக் கலியாணம்னு கோயில்ல ஓலை எத்தனை ஞாயிறு வாசிச்சாங்க?"

"மூணு. எல்லாருக்கும் மூணுதானே."

"மூணாவது ஞாயிறு நீங்க எங்க போயிட்டிய?"

"லீவு முடிஞ்சு ஜபல்பூர் பட்டாளத்துக்கு. இப்ப என்னத்துக்கு அது?"

"வெறுதே கேட்டேன். நெடுமங்காடு சந்தை என்னைக்கு?"

"நெடுமங்காட்டுக்காரன்கிட்டக் கேளு."

"உங்க தம்பிக்கு மீசை உண்டா?"

"ராஜபாய், ஒனக்குத்தான் தலைக்குச் சொகமில்ல."

ஆனால் பதில் சொல்லிக்கொண்டு வந்தான். திட்டினாலும் பதில்தான். விதுரை தாண்டிக் கல்லாற்றங்கரையில் லாரி நின்றபோது எஸ்டேட் பெண்கள் ஆறு பேர் மூட்டை மேல் ஏறிக்கொண்டார்கள். ஒருத்தி இடுப்பில் கைக்குழந்தை. "மெள்ள ஏறு தாயி" என்று பகவதிப்பெருமாள் பின்னாலிருந்து சொல்வது கேட்டது. ராஜபாய் அந்தக் கம்பி இருக்கும் இடத்தை மறுபடி பார்த்துக்கொண்டாள்.

அங்கிருந்து மலை. வளைவுக்கு வளைவு லாரி ஒரே வீச்சில் திரும்பாது. முன்னே போய், பின்னே எடுத்து, மறுபடி முன்னே போக வேண்டும். ஒவ்வொரு வளைவிலும் பகவதிப்பெருமாள் குதித்து இறங்கிக் கட்டையோடு பின்சக்கரத்தை ஒட்டி நடப்பார். "வரட்டும், வரட்டும், நில்லு!" என்று அவர் கத்துவார். தாசையன் நிறுத்துவான். ஒரு கை அகலம்கூடத் தப்பாது. அவன் ஓட்டுவதைப் பார்த்தால் அவளுக்கே ஒரு பெருமை வந்தது. வந்த பெருமையை அமுக்கிக்கொண்டாள்.

"எத்தனாவது வளைவு?"

"ஒம்பது."

"எலிசாளுக்க பிள்ளைக்கு என்ன பேர் வைக்கலாம்?"

"பெத்தவ வைப்பா."

"உங்க அப்பாக்க பேரு வைக்கச் சொல்லவா?"

"அது ஆம்பிளைப் பேரு. பிள்ளை பொட்டையில்லியா?"

பத்தாவது வளைவில் லாரியைப் பின்னே எடுத்தான். "நில்லு!" என்றது பகவதிப்பெருமாளின் குரல். நிறுத்தினான். கிளச்சை மிதித்துக் கியரை மாற்றக் கையைக் கொண்டுபோனான்.

"அப்போ உங்க அம்மைக்க பேரு?"

பதில் வரவில்லை.

"உங்க அம்மைக்க பேரு வைக்கலாமான்னு கேட்டேன்."

அவன் கண் திறந்தே இருந்தது. முன்கண்ணாடிக்கு அப்பால் எதையோ உற்றுப் பார்ப்பதுபோல் இருந்தான். வாய் மட்டும் சவைத்துக்கொண்டிருந்தது, உள்ளே ஒன்றுமில்லாமல். இழுப்பில்லை, நுரையில்லை. இடது கை முழங்காலைத் தடவித் தடவிக் கொடுத்தது. வலது கை ஸ்டீரிங்கில்.

"என்னங்க! இஞ்ச பாருங்க!"

பிரேக்கில் இருந்த கால் தளர்ந்தது. லாரி பின்னே நகர்ந்தது. முதலில் மெதுவாக, பிறகு மெதுவாக இல்லை.

"டிரைவரே! நில்லு! நில்லுன்னா நில்லுவே!" பகவதிப்பெருமாளின் கூச்சல். கட்டை சக்கரத்துக்கு அடியில் முறிகிற சத்தம். ராஜபாய் இரண்டு கையாலும் கம்பியைப் பற்றி, கால்களை முன்தகட்டில் ஊன்றி, உயிரைக் கொடுத்து இழுத்தாள். லாரி முனகியது. ஒரு குலுக்கல். பின்னால் இரண்டாவது கட்டையோ கல்லோ எதுவோ சக்கரத்தில் கடித்துப் பிடித்தது. நின்றது.

எஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அவள் அவன் வலது கை விரல்களைப் பிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து வாய் சவைப்பது நின்றது. அவன் கண்ணை இமைத்தான்.

"என்ன கேட்டே?" என்றான். பிறகு கம்பியைப் பார்த்தான். "நீயா பிரேக்க இழுத்தே? நின்ன வண்டியில எதுக்குடி கை வைக்கே? மலையிலயா விளையாட்டு?"

"எறங்குங்க" என்றாள்.

"எறங்கும் டிரைவரே" என்றார் கதவருகில் வந்து நின்ற பகவதிப்பெருமாள். முகத்தில் ரத்தமே இல்லை. "எறங்கிப் பின்னால வந்து பாரும்."

தாசையன் இறங்கினான். கால் கொஞ்சம் பின்னியது. முறிந்த கட்டை மண்ணில் கிடந்தது. சக்கரம் உருண்ட தடம் நாலடி நீளம். தடம் முடிந்த இடத்துக்கும் பாதை முடிந்த இடத்துக்கும் நடுவில் ஒரு ஆள்தான் படுக்கலாம். அதற்குக் கீழே மரங்களின் உச்சிதான் தெரிந்தது.

மூட்டை மேலிருந்து குழந்தைக்காரி எட்டிப் பார்த்தாள்.

"டிரைவரண்ணே, இன்னைக்கு ஏன் இம்புட்டுப் பின்னால எடுத்தீக? பிள்ளை முழிச்சிருச்சு."

கோபமாகக் கேட்கவில்லை. அவன் ஏதோ காரியமாகத்தான் பின்னே எடுத்தான் என்று அவள் நினைத்திருந்தாள். அவன் ஓட்டினால் அதற்குக் காரணம் இருக்கும். தாசையன் அண்ணாந்து அவளையே பார்த்தான்.

"ஒண்ணுமில்ல தாயி. எல்லாரும் எறங்குங்க."

"எதுக்கு?"

"எறங்குங்கன்னா எறங்குங்க!"

அவர்கள் முணுமுணுத்துக்கொண்டே இறங்கினார்கள். அவன் ராஜபாயிடம் வந்தான். தாழ்ந்த குரலில் கேட்டான்:

"எத்தனை நேரம்?"

"ஒரு நிமிஷம் இருக்கும். கூடவும் இருக்கும்."

"கை எங்க இருந்துது?"

"ஸ்டீரிங்லதான்."

"ராவின எடத்துலயா?"

"அதுலதான். வெரலப் பிரிக்கப் பாத்தேன், முடியல்ல. அப்படிப் பிடிச்சிருந்திய."

தன் கையை விரித்துப் பார்த்தான். உள்ளங்கையில் இரும்பின் கறை இருந்தது. வேட்டியில் துடைத்தான். மறுபடி துடைத்தான்.

"எத்தனை தடவை இது போல வந்ததோ" என்றான். "நான் அறிஞ்சேனா? போன வெள்ளிக்கிழமை வழியில அந்த நந்தியோட்டுப் பாலத்த எப்படிக் கடந்தேன்னு எனக்கு நினைப்பே இல்ல. ஏதோ யோசிச்சிட்டு வந்தேன்னு நெனச்சேன்."

அவள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள்.

பகவதிப்பெருமாள் தொண்டையைச் செருமினார். "இன்னும் பாதி மலை கிடக்கு. கொஞ்சம் தண்ணி குடிச்சிட்டு, மெள்ள எடுத்தா..."

"நீரு எடும்."

"எனக்கு ஓட்டத் தெரியாதே டிரைவரே."

"எனக்கும் அவ்வளவுதான் தெரியும்."

பகவதிப்பெருமாள் மேலே நடந்துபோய் எஸ்டேட் ஜீப் ஓட்டும் சத்தியதாஸைக் கூட்டிவந்தார். அதற்கு இரண்டு மணி நேரம் ஆனது. அதுவரை தாசையன் உட்காரவில்லை. பாதையின் உள்பக்கமாக இங்கும் அங்கும் நடந்துகொண்டிருந்தான். ராஜபாய் அவன் பின்னாலேயே நடந்தாள்.

மறுநாள் மண்டியில் அரிசி மூட்டைகளுக்கு நடுவில் நின்று அவனே சொன்னான். வலிப்பைச் சொன்னான், மாத்திரையைச் சொன்னான், பத்தாவது வளைவைச் சொன்னான். ராஜபாய் வாசலில் நின்றாள்.

ஆறுமுகநயினார் பிள்ளை வெகுநேரம் மூக்கைத் தடவிக்கொண்டிருந்தார்.

"ஏன்டே, இத எத்தனை பேருக்குச் சொன்னே?"

"உங்களுக்குத்தான் மொதலாளி. பெருமாளண்ணன் பாத்தாரு."

"பெருமாளுக்கு நான் சொல்லிக்கிடுதேன். இந்தா பாரு, மலைக்கு நீ போக வேண்டாம். சத்தியதாஸ் போல ஒருத்தனப் பாப்போம். நீ ஸ்டேஷனுக்கும் சாலைக்கும் ஓட்டு. சமதளம். மிஞ்சிப் போனா ஒரு சொவத்துல இடிப்பே. சம்பளத்துல கொறைக்க மாட்டேன். யாருக்கும் தெரியவும் வேண்டாம்."

தாசையன் பதில் சொல்லவில்லை.

ராஜபாய் எட்டிப் பார்த்தாள். அவன் முதுகு மட்டும்தான் தெரிந்தது. முகம் தெரியவில்லை. யோசிக்கிறானா, அல்லது அதுதான் வந்துவிட்டதா? அந்த வேலைக்கு ஆசைப்படுகிறானா? எது என்று சொல்ல முடியாமல் அவள் நின்றாள். எது மோசம் என்றும் தெரியவில்லை. ஒரு அடி முன்னே வைத்தாள்.

"என்னடே, வாயில கொழுக்கட்டையா?" என்றார் பிள்ளை.

"மொதலாளி, ஸ்டேஷன் ரோட்டுல பள்ளிக்கூடம் விடுக நேரத்துல நீங்க போயிருக்கியளா?"

"அதுக்கென்ன இப்போ?"

"பிள்ளைங்க ரோடு நெறைய வரும். ஓரமாப் போன்னா கேக்காது. ஒரு நிமிஷம் எனக்கு நினைவு போயிட்டா, அது சொவரா இருக்குமா, பிள்ளையா இருக்குமான்னு யாரு சொல்ல? எனக்கு வேண்டாம் மொதலாளி. எனக்கு லாரியே வேண்டாம்."

பிள்ளை வேறு பக்கம் பார்த்தார்.

"பின்ன சோத்துக்கு?"

"தெரியல்ல."

"நாலு நாள் கழிச்சு வா. யோசிச்சுச் சொல்லுதேன். சத்தியமா ஒண்ணும் சொல்ல முடியாது, கேட்டியா?"

"செரி."

அங்கிருந்து நேரே ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டார்கள். டாக்டரிடம் சொன்ன பொய்யை மாற்றிச் சொல்ல வேண்டும் என்று அவனேதான் சொன்னான். மாத்திரையை ஒழுங்காகத் தின்றால் எத்தனை வருஷத்தில் சரியாகும், சரியாகுமா என்றும் கேட்க வேண்டும். கிழக்கேகோட்டையில் பஸ் ஏறினார்கள். டிரைவருக்குப் பின்னாலேயே இடம் கிடைத்தது. தாசையன் பஸ்ஸில் உட்கார்ந்து போய் எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது.

புத்தன்சந்தை ஏற்றத்தில் பஸ் இழுத்தது. தாசையனின் இடது கால் தரையை அழுத்தியது, எடுத்தது, மறுபடி அழுத்தியது.

"கியரை மாத்தாம என்ன செய்யுகான் இவன்? வண்டி அழுகது அவனுக்குக் கேக்கலியா?"

"அவன் பாத்துக்கிடுவான்."

"நீ பாரு, இப்போ நின்னுரும்."

நிற்கவில்லை. குலுங்கி ஏறிவிட்டது. பாளையத்தில் ஒரு மாடு குறுக்கே வந்தது. பஸ் டிரைவர் பிரேக் போடுமுன் தாசையனின் வலது கால் தரையில் ஊன்றிவிட்டது. முன்சீட்டுக் கம்பியை எட்டிப் பிடித்தான். மாடு போனது, பஸ் நகர்ந்தது. அவன் கால் எடுபடவில்லை.

பக்கத்தில் நின்றிருந்த ஒரு கிழவர் சிரித்தார். "தம்பி டிரைவரா?"

தாசையன் அவரைப் பார்த்தான், ராஜபாயைப் பார்த்தான்.

"ஆமா" என்றான். கொஞ்சம் பொறுத்து, "நேத்து வரைக்கும்" என்றான்.

அடுத்த ஸ்டாப் ஆஸ்பத்திரி. பஸ் நிற்கும் முன்பே அவன் எழுந்துவிட்டான்.